காடு அப்படியேதான் இருக்கிறது, விலங்குகள் மட்டும் ஏன் குறைகின்றன?

கேள்வி இது: ஒரு மலைவாசஸ்தலத்தில் கட்டடங்களும் சாலைகளும் எடுத்துக்கொள்வது மொத்த நிலத்தில் சில சதவீதம்தான். சுற்றிலும் காடு அப்படியே இருக்கிறது. வருகிறவர்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள், பனிச்சறுக்கு விளையாடுகிறார்கள். யாரும் எதையும் கொல்வதில்லை. பிறகு எப்படி விலங்குகள் பாதிக்கப்படும்? ஊருக்குள்ளேயே மான் மேய்கிறதே?

நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் 'சில சதவீதம்' என்ற கணக்கில்தான் நாம் ஏமாந்துபோகிறோம். மலையில் ஒரு ஏக்கரைப் போல இன்னொரு ஏக்கர் இருக்காது. விலங்குக்கு ஒரு வாரத்தைப் போல இன்னொரு வாரமும் இருக்காது. எந்தச் சில சதவீதம், எந்தச் சில வாரம் என்று கேட்டுப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரியும்.

முதலில் நிலத்தை எடுத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் உயரமான மலையின் மேல்பகுதியில் ஆள் உயரத்துக்குப் பனி விழும். புல்லெல்லாம் அடியில் புதைந்துவிடும். அப்போது மானும் காட்டாடும் கீழே இறங்கித்தான் ஆகவேண்டும். இறங்கி எங்கே போகும்? ஆற்றோரச் சமவெளிக்கு, வெயில் நன்றாக விழும் சரிவுக்கு, பனி அதிகம் தங்காத பள்ளத்தாக்குத் தரைக்கு. வரைபடத்தில் பார்த்தால் இதெல்லாம் கையகலம்தான். வீடு கட்ட வரும் மனிதனும் இதே கையகலத்தைத்தான் தேடுகிறான். சமமான இடம் வேண்டும், தண்ணீர் வேண்டும், வெயில் வேண்டும், சாலை போட வசதி வேண்டும். மலையில் மிஞ்சியிருக்கும் பெரும்பகுதி பாறையும் பனியும் செங்குத்துச் சரிவும்தான். அதை 'தொடாமல் விட்டோம்' என்று சொல்வதில் விலங்குக்கு ஒரு லாபமும் இல்லை.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் டீட்டன் மலைத்தொடர் இருக்கிறது. அதன் அடிவாரத்தில் ஜாக்சன் என்ற புகழ்பெற்ற சுற்றுலா ஊர். அந்த மலையில் பிக்ஹார்ன் என்ற காட்டுச் செம்மறி வாழ்கிறது, கடாவுக்குக் கொம்பு முறுக்கி வளைந்து கன்னம் வரை வரும். ஒரு காலத்தில் இவை குளிர்காலத்தில் மலையை விட்டுக் கீழே இறங்கிப் பள்ளத்தாக்குகளில் மேய்ந்தன. பண்ணைகள் வந்தன, வீடுகள் வந்தன, வேலிகளும் சாலைகளும் வந்தன, அந்த வலசை அறுந்துபோனது. வலசைப் பாதையைக் குட்டி தாயின் பின்னால் நடந்துதான் கற்றுக்கொள்கிறது. ஒரு தலைமுறை போகாமல் விட்டால் வழி மறந்துவிடும். இன்று எஞ்சியிருப்பவை நூற்றுச் சொச்சம் ஆடுகள்தான். அவை குளிர்காலம் முழுவதும் மூவாயிரம் மீட்டர் உயரத்து முகடுகளில், காற்று பனியைத் துடைத்துவிட்டுப் போகும் சிறுசிறு திட்டுகளில், கோடையில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துக்கொண்டு நிற்கின்றன.

ஆனால் அந்த முகடுகளுக்கும் இப்போது ஆள் வருகிறது. பனிச்சறுக்கு மையத்தின் கூட்டம் பிடிக்காமல், தனிமையைத் தேடி, யாரும் மிதிக்காத பனியில் சறுக்க வருகிறவர்கள். ஆடுகளுக்கு ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை மாட்டியும், சறுக்க வருகிறவர்களிடம் ஜிபிஎஸ் கருவி கொடுத்தும் இரண்டு தடங்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நல்ல மேய்ச்சல் இடமாக இருந்தாலும் மனிதர் வரும் இடங்களை ஆடுகள் ஒதுக்கிவிட்டன. கூட்டம் குறைவாக வரும் இடங்களையும் சேர்த்துத்தான். சில ஆடுகளுக்கு அதனால் போன நல்ல வாழிடம் 30 சதவீதம் வரை. கீழ்வீட்டை வளர்ச்சி எடுத்துக்கொண்டது, மொட்டைமாடியைப் பொழுதுபோக்கு கேட்கிறது. இரண்டையும் தனித்தனியாக அளந்தால் இரண்டுமே சின்னதாகத் தெரியும். ஆட்டுக்கு இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் வந்து விழுகின்றன.

வீடுகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். நெருக்கமாகக் கட்டினால் இயற்கைக்குக் கெடுதல், ஆளுக்கு நிறைய நிலம் விட்டுத் தள்ளித்தள்ளிக் கட்டினால் நல்லது என்று நினைக்கிறார்கள். அமெரிக்காவின் இன்னொரு மாநிலமான கொலராடோவில், ஆஸ்பென் ஊர் இருக்கும் பிட்கின் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) வீடுகளிலிருந்து 30, 180, 330 மீட்டர் தூரங்களில் பறவைகளையும் பாலூட்டிகளையும் கணக்கெடுத்தார்கள். வீட்டைச் சுற்றி ஏறக்குறைய 180 மீட்டர் வரை தாக்கம் இருந்தது. மனிதரை அண்டி வாழும் பறவைகளும் நாய் பூனையும் அங்கே கூடுதல், மனிதரைத் தவிர்க்கும் பறவைகளும் நரிகளும் குறைவு. வீட்டு விளக்கு, நாய், பறவைக்கு வைக்கும் தீனி, புல்வெளி, வண்டிப்பாதை எல்லாம் சேர்ந்த பலன் அது.

அதை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 180 மீட்டர் ஆரமுள்ள வட்டம் ஏறக்குறைய 25 ஏக்கர். கொலராடோவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி 35 ஏக்கருக்குக் குறையாத துண்டுகளாக நிலத்தைப் பிரித்தால் மனைப்பிரிவுக்கான பரிசீலனையே தேவையில்லை. அதனால் 35 ஏக்கருக்கு ஒரு வீடு என்பது அங்கே வழக்கமாகிவிட்டது. பார்க்க எவ்வளவு விசாலம்! ஆனால் பத்து வீடுகளைத் தள்ளித்தள்ளிக் கட்டினால் 350 ஏக்கரில் 250 ஏக்கர் தாக்கத்துக்குள் வந்துவிடும். அதே பத்து வீடுகளை 100 மீட்டர் ஆரத்துக்குள் கூட்டிக் கட்டினால் தாக்கம் 60 ஏக்கரோடு நிற்கும். மீதி 290 ஏக்கரும் விலங்குக்கு உண்மையாகவே கிடைக்கும். ஒரு மலையூர் தன் எதிர்காலத்துக்காக ஒரே ஒரு விதி போடலாம் என்றால், கட்டுவதைக் கூட்டிக் கட்டு என்பதைத்தான் நான் சொல்வேன். ஒருமுறை சிதறிக் கட்டிவிட்டால் அதைத் திரும்ப அள்ளிச் சேர்க்க வழியே கிடையாது.

சரி, பொழுதுபோக்குக்கு வருவோம். 'நான் சும்மா நடந்துதானே போகிறேன்' என்பதில் இருக்கும் நிம்மதியைக் கலைக்க எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எல்க் மான் ஜூன் மாத வாக்கில் குட்டி போடும். பிறந்த குட்டியின் உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், வாடையும் மிகக் குறைவு. முதல் சில நாட்கள் அதற்கு ஓடத் தெரியாது. அசையாமல் புதரடியில் படுத்துக்கிடப்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே தற்காப்பு. தாய் தள்ளி நின்று மேய்ந்துவிட்டு, அவ்வப்போது வந்து பால் கொடுத்து, குட்டியை நக்கித் துடைத்துவிட்டுப் போகும். இந்த நேரத்தில் ஒரு மனிதன் அந்தப் பக்கம் வந்தால் தாய் எழுந்து ஓடும். ஓடியது திரும்பிவர நேரமாகும். அதற்குள் குட்டி பசியோடு கிடக்கும், ஓநாய்க்கோ கரடிக்கோ கண்ணில் படும். தாய்க்கும் பால் சுரக்க வேண்டிய தெம்பு ஓட்டத்தில் போகும்.

இது ஊகம் அல்ல. 1990-களின் நடுவில் கொலராடோவின் வேல், பீவர் கிரீக் பனிச்சறுக்கு மையங்களை ஒட்டிய மலைகளில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். குட்டி போடும் பருவத்தில் ஒரு பகுதி மான்களை நோக்கி ஆட்கள் வேண்டுமென்றே நடந்துபோனார்கள். மான் எழுந்து விலகியதும் திரும்பிவிடுவார்கள். சுட்டதோ துரத்தியதோ இல்லை, நடந்தது மட்டும்தான். தொந்தரவு செய்யாத மான்களோடு ஒப்பிட்டால் 100 பெண்மான்களுக்கு 20-க்கும் மேற்பட்ட குட்டிகள் குறைந்தன. ஒரு பெண்மானை வழக்கத்துக்கு மேல் பத்து முறை எழுப்பினால் போதும், அந்தக் கூட்டம் பெருகுவது நின்றுவிடும் என்று அவர்களின் கணக்கு சொன்னது. ஒரு புதிய நடைபாதையில் விடுமுறை நாள் ஒன்றில் எத்தனை பேர் போவார்கள் என்று நினைத்துப் பாருங்கள், பத்து எவ்வளவு சின்ன எண் என்று தெரியும். அந்த ஆய்வில் எனக்கு நம்பிக்கை தரும் பகுதி அடுத்து வந்தது. தொந்தரவை நிறுத்திய பிறகு 1998, 1999-இல் குட்டிகளின் எண்ணிக்கை பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. அதாவது அந்தச் சில வாரங்கள் மட்டும் விலகி நின்றாலே போதும்.

மோட்டார் வண்டிதான் கெடுதல், காலால் நடப்பதும் மிதிவண்டியும் சாது என்ற எண்ணமும் சரிவரவில்லை. 2016-இல் உலகம் முழுவதிலுமிருந்து 274 ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்த்துப் படித்தார்கள். 93 சதவீதத்தில் பொழுதுபோக்கினால் விலங்குகளிடம் ஏதோ ஒரு மாற்றம் தெரிந்தது. கெடுதலான விளைவுகளுக்கான சான்று மோட்டார் இல்லாத நடமாட்டத்துக்கே அதிகமாக இருந்தது. காரணம் எளிது என்று நினைக்கிறேன். வண்டி சத்தம் போட்டுக்கொண்டு, ஒரே தடத்தில் வந்து, ஒரே தடத்தில் போகிறது. நடப்பவன் சத்தமில்லாமல் திடீரென்று முளைக்கிறான், எந்தப் பக்கம் திரும்புவான் என்றும் தெரியாது. நாயும் கூட வந்தால் இன்னும் மோசம். மானுக்கு நாய் என்பது ஓநாயின் தம்பிதான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஆன்டிலோப் தீவில் நடப்பவர்களையும் சைக்கிள்காரர்களையும் ஒப்பிட்டபோது விலங்குகள் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் ஓடின. அங்கே வந்தவர்களிடம் கேட்டபோது பாதிப் பேர், பொழுதுபோக்கால் விலங்குகளுக்குக் கெடுதல் இல்லை என்றே நம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மான் ஓடுவது நம் கண்ணுக்கு அழகான காட்சி. அந்த ஓட்டத்தின் செலவு எங்கே எழுதப்படுகிறது என்பது நமக்குத் தெரிவதில்லை.

பனிக்காலத்தில் அந்தச் செலவு உயிரையே தொடும். ஆல்ப்ஸ் மலையில் கறுப்பு குரௌஸ் என்றொரு பறவை, காட்டுக்கோழி வகை. குளிர்காலத்தில் அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் ஊசியிலையும் மொட்டும்தான், சத்து மிகக் குறைவு. அதனால் அது சிக்கனமாக வாழ்கிறது. காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் இரை எடுக்கும். மற்ற நேரமெல்லாம் மிருதுவான பனிக்குள் தோண்டிப் புதைந்து, சின்னக் குகை போட்டு உட்கார்ந்திருக்கும். வெளியே உறையவைக்கும் காற்று, உள்ளே பனியே போர்வை. மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது, வெறும் வெண்சரிவு. அந்தச் சரிவில் ஒருவர் சறுக்கிக்கொண்டு வந்தால் காலடியில் பனி வெடித்து ஒரு கறுப்புப் பறவை எழும்பும். சறுக்கியவருக்கு அது வாழ்நாள் நினைவு. பறவைக்கோ சேமித்த வெப்பம் போயிற்று, குகை போயிற்று, கழுகின் கண்ணுக்கு முன்னால் வெட்டவெளியில் நிற்கிறது. சுவிட்சர்லாந்தில் எச்சத்தைச் சேகரித்து மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள், மனித நடமாட்டம் உள்ள இடங்களில் அளவு உயர்ந்திருந்தது. இதனால்தான் அந்த நாட்டில் குளிர்காலத்துக்கென்று அமைதி மண்டலங்களை அறிவித்து, உள்ளே போகாதே, அல்லது குறித்த பாதையை விட்டு விலகாதே என்று விதி போட்டிருக்கிறார்கள்.

பனிச்சறுக்குத் தடத்தை இயந்திரம் அமுக்கிச் சமன்செய்வதும் இதே கதைதான், அளவில் சிறியது. தரைக்கும் பனிக்கும் இடையில் இருக்கும் கதகதப்பான இடுக்கில் எலிகளும் மூஞ்சூறுகளும் குளிர்காலத்தைக் கழிக்கும். பனியை இறுக்கினால் அந்த இடுக்கு நசுங்கிவிடும், குளிரும் கீழே இறங்கும்.

அப்புறம், 'ஊருக்குள்ளேயே மான் மேய்கிறதே' என்ற பகுதி. இதுதான் மிகவும் ஏமாற்றும் காட்சி. கனடாவின் பான்ஃப் ஊரில் எல்க் மான்கள் கூட்டமாகத் தெருவில் திரிந்தன. பார்த்தவர்கள் காடு செழித்திருக்கிறது என்று மகிழ்ந்தார்கள். உண்மையில் நடந்தது என்ன? ஓநாய் மனிதருக்குப் பயந்து ஊர்ப்பக்கம் வரவில்லை. ஓநாய் வராத இடம் மானுக்குக் கோட்டை. ஓநாய் நடமாடும் பக்கத்துப் பகுதியைவிடப் பத்து மடங்கு நெருக்கமாக மான்கள் அங்கே தங்கின. ஆற்றோர வில்லோ செடிகளைத் தலைதூக்க விடாமல் மேய்ந்தன. வில்லோ இல்லாமல், ஆற்றில் அணைகட்டி வாழும் பீவர் என்ற விலங்கு குறைந்தது, அந்தப் புதர்களில் கூடுகட்டும் பாட்டுப்பறவைகளும் குறைந்தன. தெருவில் மான் நிற்கும் படத்தில் இல்லாமல் போனவை இவையெல்லாம். ஒரு விலங்கு நன்றாக இருப்பதை வைத்து மலையை எடைபோடக் கூடாது.

ஸ்காட்லாந்தின் கேர்ன்கார்ம் மலையிலும் இதே மாதிரிதான். அங்கே பனிச்சறுக்கு மையம் வந்ததும் டார்மிகன் என்ற மலைக்கோழிகள் தூக்குவண்டிக் கம்பியில் மோதிச் செத்தன. அதைவிடப் பெரிய அடி வேறு. சுற்றுலாக்காரர் சிந்திய உணவைத் தேடிக் காகங்கள் மலையேறின. ஏறிய காகங்கள் கூடுகளிலிருந்த முட்டைகளையும் தின்றுவிட்டன. யாரோ கீழே போட்ட ரொட்டித்துண்டு இத்தனை தூரம் போகும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

கரடிக்கு நம் குப்பை இன்னும் நேரடியான விஷம். இலையுதிர் காலத்தில் கருங்கரடி தூங்கப் போகுமுன் ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை தின்று சேர்க்கப் பார்க்கும். காட்டில் அதற்கு நாள் முழுக்கப் பழம் பொறுக்க வேண்டும். ஊரில் ஒரு குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தால் போதும். கொலராடோவில் 30 பெண் கரடிகளை ஆராய்ந்தபோது, மனித உணவை அதிகம் தின்றவை குளிர்காலத் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டன, தூக்கம் குறைந்தவற்றின் உயிரணுக்களில் முதுமையின் அடையாளங்கள் வேகமாகத் தெரிந்தன. அதோடு நிற்காது. வீட்டுக் கதவைத் திறக்கக் கற்ற கரடியைக் கடைசியில் சுட்டுவிடுகிறார்கள். பூட்டும் தொட்டிக்கு ஆகும் செலவை மிச்சம் பிடித்ததற்கு ஒரு கரடியின் உயிர் விலையாகிறது. அதே மாநிலத்தின் டுராங்கோ ஊரில் கரடி திறக்க முடியாத தொட்டிகளை வீடுவீடாகக் கொடுத்துப் பார்த்தார்கள், கொடுத்த பகுதிகளில் குப்பைத் தொல்லை 60 சதவீதம் குறைந்தது. இதைச் செய்யாமல் இருக்க ஒரு ஊருக்கும் காரணம் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

பல விலங்குகள் நம்மோடு சண்டை போடாமல் இரவுக்கு ஒதுங்கிவிடுகின்றன. 62 பாலூட்டி இனங்களைப் பற்றிய 76 ஆய்வுகளைச் சேர்த்து 2018-இல் வெளிவந்த கணக்கின்படி, பகலும் இரவும் பாதிப்பாதியாக நடமாடிய விலங்கு, மனிதர் அருகே இருந்தால் 68 சதவீதம் இரவில் நடமாடுகிறது. 'எங்கள் பாதையில் விலங்கே கண்ணில் படவில்லை, அதனால் தொந்தரவும் இல்லை' என்கிறவர்களுக்கு இதுதான் பதில். அவை அங்கேதான் இருக்கின்றன, நீங்கள் போன பிறகு வருகின்றன.

என்ன செய்தால் பலன் இருக்கும் என்றும் கேட்பீர்கள். சாலைக்குத் தெளிவான விடை இருக்கிறது. பான்ஃப் தேசியப் பூங்காவை வெட்டிச் செல்லும் நெடுஞ்சாலையின் இருபுறமும் வேலி போட்டு, 6 மேம்பாலங்களும் 38 சுரங்கவழிகளும் விலங்குகளுக்காகவே கட்டினார்கள். வண்டியில் அடிபடுவது 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. கிரிஸ்லி கரடி அகலமான மேம்பாலத்தை விரும்பியது, மலைச்சிங்கம் எனப்படும் பூமா குறுகலான சுரங்கத்தை விரும்பியது, ஆகவே ஒரே மாதிரியாகக் கட்டிவிட்டு வராதவற்றைக் குறை சொல்ல முடியாது. கிரிஸ்லிகள் பழகச் சில ஆண்டுகள் ஆயின. பான்ஃப் ஊரின் பக்கத்தில் ஓநாய் போகும் வழியை அடைத்துக்கொண்டிருந்த காட்டெருமைப் பட்டி, பயிற்சி முகாம் போன்றவற்றை 1997-இல் அகற்றினார்கள், ஓநாய்களும் அந்த வழியில் மறுபடி நடக்கத் தொடங்கின. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் அவை வாங்கிக்கொள்கின்றன.

பாதைகளுக்கு என் பரிந்துரை இது. புதிய பாதையை ஏற்கெனவே ஆள் நடமாடும் பக்கத்திலேயே நெருக்கிப் போடுங்கள், வெறுமையாக இருக்கும் மலைப்பக்கத்தை முழுதாக விட்டுவிடுங்கள். குட்டி போடும் வாரங்களிலும் கடும் பனி மாதங்களிலும் தேதி குறித்து மூடுங்கள். தட்டி எழுதி வைப்பதோடு விடாமல் கதவும் பூட்டும் போடுங்கள், கண்காணிக்க ஆளும் வையுங்கள். நாயைக் கயிற்றில் பிடிப்பதைக் கட்டாயமாக்குங்கள். அரைகுறையாக மூடி, அதையும் மீறவிட்டு, 'மூடிப் பார்த்தோம், பலனில்லை' என்று எழுதுவதுதான் எனக்குக் கோபம் வரவைக்கிறது.

சின்ன வேலைக்கு எவ்வளவு பெரிய பலன் கிடைக்கும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. மலைக் குள்ளப் போஸம் (possum) என்று ஒரு விலங்கு, எடை 45 கிராம் சொச்சம், உள்ளங்கைக்குள் அடங்கும், பைக்குள் குட்டி வளர்க்கும் இனம். வெறும் புதைபடிவமாக மட்டுமே தெரிந்திருந்தது, அழிந்துபோனது என்றே நினைத்தார்கள். 1966-இல் மவுண்ட் ஹோதமில் ஒரு பனிச்சறுக்குக் குடிலுக்குள்ளேயே ஒன்று உயிரோடு கிடைத்தது. பெண்கள் மலை உச்சிப் பக்கப் பாறைக் குவியல்களில் வாழும். ஆண்கள் தள்ளி, கீழே. வசந்தத்தில் ஆண்கள் மேலே வந்து, இணைசேர்ந்து, மறுபடி கீழே போய்விடும். அங்கே சாலையும் பனிச்சறுக்குத் தடமும் வந்து பாறைக் குவியலை வெட்டியதும் ஆண்கள் போகவர வழியில்லாமல் பெண்களின் இடத்திலேயே தங்கி, குளிர்காலத்துக்கான உணவுக்கும் இடத்துக்கும் போட்டியாகிவிட்டன, பெண்களின் உயிர்பிழைப்பு குறைந்தது. 1980-களின் நடுவில் சாலைக்கு அடியில் சுரங்கம் அமைத்து, அதற்குள் பாறைகளைப் போட்டு நிரப்பினார்கள், அந்த விலங்கு நடந்து பழகிய இடுக்குகள் மாதிரியே. பருவம் முடிந்ததும் ஆண்கள் அதன் வழியே கீழே போயின. பெண்களின் உயிர்பிழைப்பு, தொந்தரவே இல்லாத இடத்தின் அளவுக்கு உயர்ந்தது. பனிச்சறுக்கு மையம் இன்றும் அங்கே நடக்கிறது, மேலே வண்டிகள் போகின்றன, கீழே பாறை இடுக்கில் அந்தச் சின்ன விலங்குகளும் போகின்றன.